லாட்ஜில் மிச்சமாகும் கரண்டுக்குக் கார்பன் கிரெடிட் கிடைக்குமா?

கடலோரன் (கன்னியாகுமரி):
எங்களுடையது 40 அறை லாட்ஜ். சூரிய உதயம் பார்க்க வருகிறவர்கள் அத்தனை பேரும் விடியற்காலை நாலரைக்கு எழுந்து கீசரைப் போடுவார்கள், அந்த ஒரு மணி நேரம் மீட்டரைப் பார்த்தாலே வயிறு கலங்கும், அதிலும் கார்த்திகை பிறந்து ஐயப்ப சாமிமார் வரத் தொடங்கினால் சொல்லவே வேண்டாம். பழைய ஃபேனை மாற்றி, கரண்டு குறைவாக இழுக்கும் பிஎல்டிசி ஃபேன், மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் போடுவதென்று அப்பாவும் நானும் முடிவு செய்துவிட்டோம். இதைப் பதிவு செய்து, இதனால் குறையும் கார்பன் டை ஆக்சைடுக்குக் கிடைக்கும் சான்றான கார்பன் கிரெடிட்டை வெளிநாட்டில் விற்றுத் தருகிறேன் என்று ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

தக்கலைக்காரன்:
கொடுக்காதீர்கள் அண்ணே. கணக்கைப் பாருங்கள். பழைய ஃபேன் 75 வாட், புதியது 30. தினம் 12 மணி நேரம் ஓடினால் 40 ஃபேனுக்கும் சேர்த்து வருடம் சுமார் 7,900 யூனிட் மிச்சம். நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு, ஆக ஐந்தரை டன். ஒரு டன்னுக்கு ஒரு கிரெடிட். டன் 500 ரூபாய்க்குப் போனாலும் 2,750 ரூபாய்தான், சரிபார்க்க வருகிறவரின் வண்டிச் செலவுக்குக்கூட காணாது. அதே 7,900 யூனிட்டை, யூனிட் 9 ரூபாய் என்று வைத்தால், இபி பில்லில் 71,000 குறைகிறது!

இன்னொன்று, கிரெடிட் பணம் வந்தால்தான் இந்த வேலை நடக்கும் என்று காட்ட வேண்டும். நீங்களோ ஏற்கெனவே முடிவு செய்துவிட்டீர்கள்.

மார்த்தாண்டம் மழை:
தனியாகப் போனால் நடக்காது, உண்மை. ஆனால் வழியே இல்லை என்று விட்டுவிடாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் பக்கம் குயாசா என்ற இடத்தில், ஏழைகளின் 2,000க்கும் மேற்பட்ட வீடுகளுக்கு சோலார் ஹீட்டர், வெப்பம் தடுக்கும் கூரை உள்தட்டி, சிஎஃப்எல் பல்பு, எல்லாவற்றையும் ஒரே திட்டமாக்கி 2005இல் கியோட்டோ காலநிலை ஒப்பந்தத்தின் சிடிஎம் முறையில், அதாவது வளரும் நாடுகளில் குறையும் கார்பனுக்குக் கிரெடிட் கொடுத்து, அதைப் பணக்கார நாடுகள் வாங்கிக்கொள்ளும் முறையில் பதிவு செய்தார்கள். நம் நாட்டில் பச்சத் லேம்ப் யோஜனா என்ற மத்திய அரசுத் திட்டமும் அப்படித்தான், கிரெடிட் வருமானத்தை நம்பி சிஎஃப்எல் பல்பை 15 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். 2012 முடிவதற்குள் கிரெடிட் விலை ஒரு யூரோவுக்கும் கீழே விழுந்தது, அதை நம்பியிருந்தவர்கள் தவித்துப் போனார்கள். இப்போது பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்தின் 6ஆம் பிரிவு வந்திருக்கிறது, அதில் வேறொரு நாடு தன் கார்பன் குறைப்புக் கணக்கில் காட்ட நாம் கிரெடிட் விற்பதென்றால் மத்திய அரசின் அனுமதி வேண்டும், விற்ற டன்னை இந்தியா தன் கணக்கில் சேர்க்க முடியாது.

ஆகவே லாட்ஜ்காரர்கள் எல்லாரும் சேர்ந்து, இன்னும் ஹீட்டர் வாங்காதவர்களை முன்னிறுத்திப் பேசிப் பாருங்கள். அதுவரை கீசர் லைனுக்குத் தனி மீட்டர் வைத்து மாதாமாதம் ரீடிங் எழுதி வையுங்கள், ஹீட்டர் போடுவதற்கு முன்பு எவ்வளவு செலவானது என்ற அளவு இல்லாமல், இவ்வளவு மிச்சம் என்றால் யாரும் ஏற்க மாட்டார்கள்.

கடலோரன்:
ரொம்ப நன்றி. முன்பணம் கொடுக்கவில்லை, தனி மீட்டருக்கு எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிட்டேன். அப்புறம், உப்புக் காற்றில் ஹீட்டர் ஸ்டாண்டு தாங்குமா?

தக்கலைக்காரன்:
சாதா இரும்பு வேண்டாம் அண்ணே, சீக்கிரம் துரு ஏறிவிடும். நட்டு போல்ட் உட்பட ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கேளுங்கள்.