திரைச்சீலை போட்டால் ஸ்பீக்கரின் பாஸ் குமுறல் அடங்குமா?

அம்பத்தூர்_ஆம்ப்: "ரூம் கரெக்‌ஷன் (மைக்கில் அளந்து அறைக்கேற்ப ஒலியைத் திருத்தும் வசதி) எல்லாம் விளம்பரம். கனமான திரைச்சீலை தொங்கவிட்டால் போதும், இருப்பதிலேயே மலிவான ரிசீவரை (ஸ்பீக்கர்களை ஓட்டும் பெட்டி) வாங்கு" என்று புதிதாக வந்த தம்பிக்கு ஒருவர் அறிவுரை சொல்லியிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. தம்பியின் அறை 12 அடி நீளம். அங்கே 47 ஹெர்ட்ஸ் வாக்கில் பாஸ், அதாவது அடித்தொண்டை ஒலி, குமுறும். அந்த அலையின் நீளம் 24 அடி. துணி அதை என்ன செய்யும்?

வால்வு_காதலன்: சொன்னவன் நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். இருபது வருடமாகத் திரைச்சீலையோடுதான் கேட்கிறேன். கைதட்டினால் எதிரொலி இல்லை.

அம்பத்தூர்_ஆம்ப்: கைதட்டலைத் துணி குடிக்கும். நான் கேட்டது 47 ஹெர்ட்ஸ்.

மாடிவீடு: மாடலைச் சொல்லுங்களேன். ரிசீவரில் டெனான் எஸ்760ஹெச் போதுமா, எக்ஸ்1800ஹெச் வேண்டுமா?

அம்பத்தூர்_ஆம்ப்: முதலாவதில் ஆடிஸி மல்டிஇக்யூ என்ற திருத்தும் வசதி, 6 இடங்களில் மைக் வைத்து அளக்கலாம். அடுத்ததில் மல்டிஇக்யூ எக்ஸ்டி, 8 இடங்கள். சப்வூஃபருக்கு (பாஸுக்கான ஸ்பீக்கர்) இரண்டும் ஒரே நுணுக்கம்தான், மற்ற ஸ்பீக்கர்களுக்குத்தான் எக்ஸ்டி மேல். பாஸ் மட்டும் தொல்லை என்றால் மலிவானதே போதும். போன ஞாயிறு மைக்கைக் காது உயரத்தில் டிரைபாடில் வைத்து, ஃபேனை அணைத்து, குக்கர் விசில் அடங்கும்வரை காத்திருந்து 6 முறை அளந்தேன். அதுவரை படத்தில் குண்டு வெடித்தால் அலமாரி டம்ளர்கள் கிணுகிணுக்கும். இப்போது சத்தமே இல்லை.

வால்வு_காதலன்: டம்ளரை இடம் மாற்றியிருந்தால் செலவே இல்லையே! சரி, பாஸ் பள்ளம் விழுந்த, அதாவது பாஸே கேட்காத, இடத்தை உங்கள் பெட்டி நிரப்புமா? எவ்வளவு பவர் கொட்டினாலும் நிரம்பாது. சோஃபாவைத்தான் நகர்த்த வேண்டும்.

அம்பத்தூர்_ஆம்ப்: பள்ளத்தை யார் கேட்டார்? பாஸ் அளவுக்கு மீறிக் குமுறும் மேட்டை வெட்டுவதைச் சொன்னேன். 47 ஹெர்ட்ஸ் மேட்டைத் திரைச்சீலை தொடுமா, தொடாதா?

தூத்துக்குடி_உப்பு: அண்ணே, போன வருடம் எனக்கு விற்ற சப்வூஃபரில் கோன் (ஒலி எழுப்பும் கூம்பு) ஓரம் கிழிந்திருந்ததே, அதையும் அளந்துதான் விற்றீர்களா?

அம்பத்தூர்_ஆம்ப்: அது பார்சலில் கிழிந்தது. அனுப்பும் முன் எடுத்த படம் உங்களிடம் இருக்கிறது. இதில் அதைக் கலக்காதீர்கள்.

தூத்துக்குடி_உப்பு: படத்தில் முன்பக்க வலை மாட்டியிருந்தது. கோன் எங்கே தெரிந்தது?

வால்வு_காதலன்: இவரா எனக்குப் பாடம் எடுக்கிறார்! நாளைக்கே இன்னொரு வெல்வெட் திரை வாங்குகிறேன்.

அம்பத்தூர்_ஆம்ப்: தாராளமாக வாங்குங்கள். திரை போடுவதற்கு முன்னும் பின்னும் 47 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, ஒரே இடத்தில் மைக் வைத்து அளந்த எண்ணை இங்கே போடுங்கள்.

வால்வு_காதலன்: எனக்குக் காது இருக்கிறது. மைக் தேவையில்லை.

அம்பத்தூர்_ஆம்ப்: எண்ணைப் போடுங்கள்.