ரூப்சந்த் மீனும் ரப்பர்க் கொட்டையும்

கேள்வி (குலசேகரம்):
எங்கள் ரப்பர்த் தோட்டத்தின் சரிவிலுள்ள குளத்தில் ரூப்சந்த் குஞ்சுகளை விடலாமென்று நண்பர் ஒருவர் சொல்கிறார். மனிதப் பற்களைப் போன்ற அதன் பற்களைச் சந்தையில் பார்த்த சிலர், இது கூரிய பற்களால் கடிக்கும் பிரானா மீன்தான் என்று அஞ்சுகிறார்கள். இயல்பில் இது எதைத் தின்று வாழும் மீன்? குளத்தில் விழும் ரப்பர்க் கொட்டைகளைத் தின்னுமா?

பதில் (நாகர்கோவில்):
ஐயா, இது பிரானாவுக்கு நெருங்கிய உறவுதான்; ஆனால் பிரானாவின் மேல்தாடையில் கூரிய முக்கோணப் பற்கள் ஒரே வரிசையில் இருக்க, ரூப்சந்த் உள்ளிட்ட, ‘பாக்கு’ (pacu) எனப்படும் வகை மீன்களுக்கு அங்கே கொட்டை உடைப்பதற்கேற்ற தட்டையான பற்கள் இரண்டு வரிசைகளாக உள்ளன. தென் அமெரிக்காவின் அமேசான், ஒரினோகோ ஆறுகளே இவற்றின் தாயகம். அந்த ஆறுகள் கரைகடந்து மாதக்கணக்கில் காட்டுக்குள் தேங்கி நிற்கும்போது, இம்மீன்கள் மரங்களுக்கிடையே நீந்தி, உதிரும் பழங்களையும் விதைகளையும் தின்று கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன; நீர் வடிந்த பின் வரும் இரை குறைந்த மாதங்களில் அக்கொழுப்பே அவற்றைக் காக்கிறது. நாம் பால்வெட்டும் ரப்பர் மரமும் அமேசான் காட்டிலிருந்து வந்ததுதான். 30 கிலோ வரை வளரும் தம்பாக்கி என்னும் பாக்கு இனம், வெடித்து நீரில் விழும் காட்டு ரப்பர்க் கொட்டைகளை நொறுக்கித் தின்கிறது. நொறுங்கிய கொட்டை முளைக்காது. சிறிய விதைகளோ சேதமின்றிக் குடலைக் கடந்து, தாய்மரத்திலிருந்து 5 கிலோமீட்டருக்கு அப்பாலும் போய்ச் சேரக்கூடும். பெரிய மீன்களே விதைகளை நெடுந்தொலைவு கொண்டுசெல்வதால், அவற்றை வரைமுறையின்றிப் பிடிப்பது காட்டுக்கும் இழப்பாகும் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

பதில் (மார்த்தாண்டம்):
பச்சை ரப்பர்க் கொட்டையில் சயனைடை வெளிவிடும் பொருள் இருப்பதால், அதைத் தீவனமாக அள்ளிப் போடாதீர்கள். மேலும், ரூப்சந்த் முழுச் சைவம் அன்று. பூச்சிகளையும் சிறுமீன்களையும்கூடத் தின்னும்.

பதில் (தக்கலை):
அலங்கார மீன்கடைகளில் விற்கும் சில்வர் டாலர் மீனும் பிரானா, ரூப்சந்த் ஆகியவற்றின் குடும்பமே. இக்குடும்பத்தின் வேறு சில இனங்கள், அருவியோரப் பாறைகளில் ஒட்டி வளரும் செடிகளைத் தின்கின்றன. அத்தாவரக் குடும்பம் நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளிலும் உண்டு.

கேட்டவர்:
மழைக்காலத்தில் எங்கள் குளம் மறுகால் பாய்ந்து ஓடை வழியாகக் கோதையாற்றில் சேரும். மீன்கள் தப்பாமலிருக்க வலை கட்டினால் போதுமா?

பதில் (நாகர்கோவில்):
போதாது, ஐயா. 2018 வெள்ளத்தில் கேரளத்தின் வளர்ப்புக் குளங்களிலிருந்து இம்மீன்கள் ஆறுகளுக்குள் தப்பிச் சென்றன. மறுகால் பாயும் குளமென்றால் ரூப்சந்த் வேண்டாம். கட்லா, ரோகு விடுவது பற்றி மீன்வளத்துறை அலுவலகத்தில் கேளுங்கள்.