அம்மாவை மருந்து ஆய்வில் சேர்க்கலாமா?

தண்ணீர்மலை மகள், பினாங்கு:
அம்மாவுக்கு 61 வயது. மார்பகப் புற்றுநோய் எலும்புக்கும் ஈரலுக்கும் பரவி இரண்டு வருடம் ஆகிறது. ஹார்மோன் மாத்திரையில் நன்றாகத்தான் இருந்தார். போன மாத ஸ்கேனில் ஈரலில் இருப்பது வளர்ந்திருக்கிறது. டாக்டர், "கீமோ தொடங்கலாம், இல்லாவிட்டால் கோலாலம்பூரில் ஒரு மருந்து ஆய்வு நடக்கிறது, யோசியுங்கள்" என்றார். வீட்டில் பெரிய சண்டை. "அக்காவைச் சோதனை எலியாக்கப் போறியா?" என்று மாமா கத்துகிறார். மருந்தே இல்லாத சீனி மாத்திரையைக் கொடுத்துவிடுவார்களோ என்று எனக்கும் பயம். அம்மா வாயே திறக்கவில்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலின் 513 படியும் ஏறியவருக்கு இப்போது வீட்டு மாடிப்படிக்கே மூச்சு வாங்குகிறது. யாராவது இப்படிச் சேர்ந்திருக்கிறீர்களா?

பிரிக்பீல்ட்ஸ் அக்கா:
நான் சேர்ந்தேன், தங்கச்சி. எனக்கும் பரவிய நோய்தான். இந்த நிலையில் சிகிச்சையே இல்லாமல் வெறும் சீனி மாத்திரையில் விடுவது வழக்கமில்லை. அப்படி ஒன்று இருந்தாலும் பெரும்பாலும் வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துத்தான் கொடுப்பார்கள். யாருக்குப் புது மருந்து என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். எனக்கு விழுந்தது பழைய கீமோ. அன்றைக்குக் காரில் உட்கார்ந்து அழுதேன். ஆனால் ஆறு வாரத்துக்கு ஒரு ஸ்கேன், எப்போது கூப்பிட்டாலும் எடுக்கிற ஒரு தாதி. அந்தக் கவனிப்பு எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை. படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, அம்மாவுக்குத் தமிழில் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எந்த நாளிலும் விலகலாம். பயணச் செலவையும் கேளுங்கள், பல ஆய்வுகளில் தருகிறார்கள்.

பட்டர்வொர்த் தாதி:
கீமோ தொடங்குவதற்கு முன்பே கேளுங்கள். எத்தனை சிகிச்சை எடுத்தவர் என்பதைப் பார்த்துத்தான் சேர்ப்பார்கள், பிறகு போனால் சில ஆய்வுகளில் இடம் இருக்காது. பயாப்ஸி ரிப்போர்ட்டில் ஹெர்2 (புற்றுநோய் செல்மேல் இருக்கும் ஒரு புரதம்) நெகட்டிவ் என்றிருந்தாலும், 0-வா 1+-ஆ என்று பாருங்கள். 1+ என்றால் அது கொஞ்சம் இருக்கிறது என்று அர்த்தம். 1+ உள்ளவர்களையும் சேர்த்து டெஸ்டினி-பிரெஸ்ட்04 என்ற ஆய்வு நடந்தது. 2022-இல் முடிவு வந்தது. ஏற்கெனவே கீமோ எடுத்தவர்கள் அவர்கள். டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டிகன் என்ற மருந்து பெற்றவர்களுக்கு நோய் வளராமல் இருந்த காலத்தின் இடைநிலை (பாதிப் பேருக்கு இதைவிட அதிகம்) 9.9 மாதம், மற்ற கீமோவில் 5.1. 1+ உள்ளவர்களுக்கும் அந்த மருந்து இன்று கிடைப்பதே அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் கையெழுத்துப் போட்டதால்தான். மாமாவிடம் இதைச் சொல்லுங்கள். ஆனால் அது நுரையீரலில் அழற்சியை உண்டாக்கலாம். அதனால் மூச்சு வாங்குவதை மறைக்க வேண்டாம். ஆய்வு இருக்கட்டும், அதை நாளைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள்.

தண்ணீர்மலை மகள்:
நன்றி அக்கா, நன்றி தாதி. காலையில் டாக்டருக்கு போன் செய்கிறேன். ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தேன், 1+ என்றுதான் இருக்கிறது. இதையெல்லாம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கேஎலுக்கு பஸ்ஸா, பிளேனா?" என்று கேட்டார்.