ஒரே எழுத்தில் தொடங்கும் ஆங்கிலச் சொற்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்வது பயன் தருமா?

கேள்வி: சூரமங்கலத்துத் தாய்

வணக்கம். எட்டாம் வகுப்புக்குச் செல்லவிருக்கும் என் மகளை இந்த விடுமுறையில் வீட்டிற்கு அருகே உள்ள ஓர் ஆங்கிலப் பயிற்சி வகுப்பில் சேர்த்திருக்கிறேன். அங்கே வாரத்திற்கு ஓர் எழுத்து என்று வைத்துக்கொண்டு, அந்த எழுத்தில் தொடங்கும் 40 சொற்களைப் பொருளுடன் எழுதிக் கொடுத்து, சனிக்கிழமைதோறும் தேர்வு வைக்கிறார்கள். ‘சி’ எழுத்து வாரத்தில் அவள் 40க்கு 38 வாங்கினாள். மறுநாள் வந்திருந்த அவளுடைய தாய்மாமா, படித்த சொற்களில் ஒன்றை வைத்து ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னார். அவளுடைய அப்பா கொலுசுப் பட்டறையில் ஒப்பந்தத்திற்கு வேலை எடுத்துச் செய்வதைச் சொல்ல நினைத்தவள், ‘கான்ட்ராக்ட்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘கான்டாக்ட்’ (தொடர்பு) என்றாள். மாமா சிரித்ததும் ‘கான்ட்ராஸ்ட்’ (வேறுபாடு) என்றாள். மூன்றும் அந்த வாரப் பட்டியலில் அடுத்தடுத்து இருந்த சொற்கள்தாம்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள். இந்த முறை சரியானதா, இதைத் தொடரலாமா என்று எனக்குத் தீர்மானிக்கத் தெரியவில்லை. அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: ஏற்காட்டு வாத்தியார்

அம்மா, உங்கள் மகளிடம் குறை ஏதும் இல்லை, பட்டியலில்தான் இருக்கிறது. ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: தோற்றத்திலும் ஒலியிலும் ஒன்றையொன்று ஒத்த இரண்டு புதிய சொற்களை ஒரே நாளில் கற்பித்தால், பிள்ளைகள் இரண்டையும் படித்துவிடுவார்கள், ஆனால் எது எதற்கு உரியது என்பதை மட்டும் தவற விட்டுவிடுவார்கள். இத்தகைய சொற்களுக்கு ‘சின்ஃபார்ம்’ என்று பெயரிட்டு, அவை மாணவர்களை எவ்வாறு குழப்புகின்றன என்று லாஃபர் என்ற மொழியியல் ஆய்வாளர் 1988இல் விரிவாக எழுதியிருக்கிறார். ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களைத் திரட்டும் பட்டியல், இந்தக் குழப்பக்காரர்களைத் தேடிப் பிடித்து ஒரே திண்ணையில் உட்கார வைக்கிறது.

அதற்காக முதலெழுத்துக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு சொல் நாக்கின் நுனி வரை வந்துவிட்டு வெளியே வராமல் தவிக்கும் நிலை நம் எல்லோருக்கும் தெரிந்ததே. அந்த நிலையை 1966இல் பிரவுன், மெக்நீல் என்ற இரு உளவியலாளர்கள் ஆராய்ந்தபோது, சொல்லைக் கூற இயலாதவர்கள்கூட அதன் முதலெழுத்தை ஏறத்தாழ 57 விழுக்காடு தடவைகள் சரியாகச் சொன்னார்கள். ஆகவே, ஏற்கெனவே உள்ளே இருக்கும் சொல்லை வெளியே இழுப்பதற்கு முதலெழுத்து நல்ல கொக்கி. உள்ளே இன்னும் போகாத சொல்லை அந்தக் கொக்கியில் மாட்ட முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எழுத்துவாரியை விட்டுவிட்டுப் பொருள்வாரியாகப் பழங்கள் எல்லாம் ஒரு நாள், நிறங்கள் எல்லாம் ஒரு நாள் என்று போனால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அதிலும் இதே இடையூறு உண்டு என்று டிங்கம் என்ற ஆய்வாளர் 1993லும் வாரிங் என்ற ஆய்வாளர் 1997லும் சோதித்துக் காட்டினார்கள். ஒரே இனப் பொருள்களின் பெயர்களும் ஒன்றோடொன்று மோதுகின்றன. மாறாக, ஒரே நிகழ்ச்சியில் கலந்துகொள்ளும் வெவ்வேறு இனச் சொற்கள் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கின்றன. எங்கள் மலையில் காபித் தோட்டத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு, பழத்தைப் பறிப்பது ‘பிக்’, தோலையும் சதையையும் நீக்குவது ‘பல்ப்’, காய வைப்பது ‘டிரை’, வறுப்பது ‘ரோஸ்ட்’, அரைப்பது ‘கிரைண்ட்’ என்று சொன்னால், எழுதி வைக்காத பிள்ளைக்கும் அது நினைவிருக்கிறது. உங்கள் வீட்டில் கொலுசுப் பட்டறை வேலை தெரிந்தவரே இருக்கிறார். உருக்குவது ‘மெல்ட்’, கம்பியாக இழுப்பது ‘டிரா’, பற்றவைப்பது ‘சோல்டர்’, மெருகிடுவது ‘பாலிஷ்’ என்று அப்பாவின் கைவேலையோடு சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். ‘சோல்டர்’ என்ற சொல்லில் எழுதப்படும் ‘எல்’ பல ஆங்கிலேயர் வாயில் ஒலிக்கும், அமெரிக்கர் வாயில் ஒலிக்காது என்பது ஒரு துணுக்குச் செய்தி.

எழுத்துவாரியே வேண்டும் என்றால், ஒற்றை எழுத்தோடு நிற்காமல் இரண்டு மூன்று எழுத்துகளாகப் பாருங்கள். அங்கேதான் பொருள் தொடங்குகிறது. ‘அன்’, ‘டிஸ்’, ‘மிஸ்’, ‘பிரீ’ ஆகிய முன்னொட்டுகளை அறிந்த பிள்ளை, பார்த்திராத சொல்லையும் பாதி புரிந்துகொள்கிறது. எதிர்மறை தரும் ‘இன்’ என்பது ‘பாசிபிள்’ முன் ‘இம்’ ஆகவும், ‘லீகல்’ முன் ‘இல்’ ஆகவும், ‘ரெகுலர்’ முன் ‘இர்’ ஆகவும் மாறுவதைச் சொல்லும்போது, நம் பாடப்புத்தகத்தில் மரம் என்பது ‘கள்’ சேர்ந்து மரங்கள் ஆவதை நினைவூட்டினால், இது புணர்ச்சிதானே என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். ‘கிளிட்டர்’, ‘கிளோ’, ‘கிளீம்’, ‘கிளேர்’ எல்லாம் ஒளியோடு தொடர்புடையவை. ‘ஸ்னீஸ்’, ‘ஸ்னிஃப்’, ‘ஸ்னோர்’ எல்லாம் மூக்கோடு தொடர்புடையவை. இவ்வாறு பொருளின் சாயலைத் தரும் ஒலிக்கூட்டை ‘ஃபோனஸ்தீம்’ என்று ஃபெர்த் என்ற மொழியியலாளர் 1930இல் பெயரிட்டழைத்தார். ஆனால் எல்லாச் சொல்லும் இதற்குள் அடங்காது: ‘கிளவ்’ என்ற கையுறை மின்னுவதில்லை.

பதில்: நிகண்டு விரும்பி

வாத்தியார் ஐயா சொன்னதோடு நம் பக்கத்துச் செய்தி ஒன்றையும் சேர்க்க விரும்புகிறேன். நம் பழைய நிகண்டுகள், அதாவது சொற்பொருள் நூல்கள், தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின் பெயர் என்று பொருள்வாரியாகச் செய்யுளில் அமைந்தவை. மாணவர்கள் அவற்றை ஓதி மனனம் செய்தார்கள். முதலெழுத்து வரிசையில் சொற்களை அடுக்கும் முறையைச் சிதம்பர ரேவண சித்தர் 1594இல் தம் அகராதி நிகண்டில் கையாண்டார். 1732இல் வீரமாமுனிவரின் சதுரகராதி வந்தது. ஆங்கிலத்தில் காட்ரி என்பவர் 1604இல் அகரவரிசையில் வெளியிட்ட சொற்பட்டியலின் முன்னுரையில், எந்த எழுத்தில் தொடங்கும் சொல்லை நூலின் எந்தப் பகுதியில் தேட வேண்டும் என்று வாசகருக்கு விளக்கியிருக்கிறார். எழுத்துவரிசை தேடுவதற்காக வந்த வசதி என்பது இதிலேயே தெரிகிறது. சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி எழுத்தைப் பின்பற்றினாலும், அங்கே பார்க்கப்படுவது எதுகை, அதாவது இரண்டாம் எழுத்து. செய்யுளின் ஓசை அதைத் தாங்குகிறது. 40 சொற்கள் கொண்ட பட்டியலுக்கு அத்தகைய ஓசை ஏது?

பதில்: அடிவாரத்தான்

பெரியவர்கள் இருவரும் எழுத்துவாரியை ஒரேயடியாக ஒதுக்கிவிட்டதுபோல் தோன்றுகிறது. நான் என் பிள்ளைகளுடன் பேருந்தில் ஏற்காடு செல்லும்போது, மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் வளைவுக்கு ஒரு சொல் என்று ஒரே எழுத்தில் சொல்லிக்கொண்டே போவோம். ஒருவர் சொன்னதை மற்றவர் சொல்லக் கூடாது; பொருள் கேட்டால் விளக்க வேண்டும். பத்தாவது வளைவு வரை எளிதாக இருக்கும். அதன் பிறகுதான் மூளையைத் துழாவ வேண்டியிருக்கும். ‘எஸ்’ எழுத்து கிடைத்தால் அதிர்ஷ்டம், ஏனெனில் ஆங்கில அகராதிகளில் மிகுதியான பக்கங்களைப் பிடிப்பது அதுதான். ‘எக்ஸ்’ எழுத்தை எங்கள் ஆட்டத்திலிருந்தே நீக்கிவிட்டோம். தலைசுற்றலும் வாந்தியும் மறந்துபோவது கூடுதல் லாபம்.

மறுமொழி: சூரமங்கலத்துத் தாய்

எல்லோருக்கும் நன்றி. கட்டணம் முழுவதையும் கட்டிவிட்டதால் வகுப்பை இப்போது நிறுத்த இயலாது. அடுத்த வாரம் ‘பி’ எழுத்துப் பட்டியல் வருகிறது, பார்க் என்று எழுதும்போது வரும் அந்த ‘பி’. வீட்டில் நான் என்ன செய்யலாம்?

பதில்: ஏற்காட்டு வாத்தியார்

அடிவாரத்தான் தம்பி ஆடுவது, தெரிந்த சொற்களை மீட்டெடுக்கும் ஆட்டம். அதற்கு நான் முழு ஆதரவு. அம்மா, பட்டியல் வந்ததும் மகளுக்கு முன்பே தெரிந்த சொற்களை அவளையே அடிக்கச் சொல்லுங்கள். மிச்சமுள்ளவற்றில் எட்டு அல்லது பத்துச் சொற்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் உங்கள் வீட்டைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதச் செய்யுங்கள். ‘பெர்சனல்’ (தனிப்பட்ட), ‘பெர்சனெல்’ (பணியாளர்கள்) போன்ற இரட்டையர் இருந்தால் ஒன்றை நிறுத்திவைத்து, முதலாவது நன்கு பழகிய பிறகு மற்றதைக் கொடுங்கள். சனிக்கிழமைத் தேர்வில் மதிப்பெண் குறைந்தால் குறையட்டும்.

இந்த எழுத்தில் நமக்கு மட்டும் ஒரு தொல்லை உண்டு. தமிழில் ‘ப’ ஒன்றுதான்; ஆங்கிலத்திலோ பூங்காவும் நாய் குரைப்பதும் ‘பார்க்’ என்றே நம் எழுத்தில் வந்துவிடுகின்றன, முதலொலி வேறு. மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு சொல்லச் சொல்லுங்கள். பூங்காவைக் குறிக்கும் சொல்லுக்குக் காகிதம் படபடக்க வேண்டும். குரைப்பதைக் குறிக்கும் சொல்லுக்கு ஏறக்குறைய அசையாமல் நிற்க வேண்டும். அடுத்ததாக, ‘போட்டோ’, ‘சைக்காலஜி’, ‘நிமோனியா’ ஆகிய மூன்றும் அதே எழுத்தில்தான் தொடங்குகின்றன என்று எழுதிக் காட்டி, அவற்றில் எதற்குக் காகிதம் ‘பார்க்’ போலப் படபடக்கும் என்று கேளுங்கள்.