தேவபயமா, திகிலா? உங்களுக்கு நேர்ந்ததைப் பகிருங்கள்

மூன்றாம்பெஞ்ச்:
அப்பமும் திராட்சரசமும் பகிர்கிற திருவிருந்து ஆராதனையில் போன தடவை நடந்தது, இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. பக்கத்தில் இருந்த அக்காவிடம் பாத்திரம் வந்தது. வாங்கியவர் உதட்டருகே கொண்டுபோகாமல் அப்படியே என் பக்கம் தள்ளிவிட்டார். கை நடுங்கியதில் திராட்சரசம் ஒரு சொட்டு அவர் விரலில் வழிந்துவிட்டது. அதைத் துடைக்கவும் பயம். பாட்டு முடிகிறவரை அந்த விரலை மட்டும் விறைப்பாக நீட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வெளியே வந்து கேட்டேன். "மாமியார்கிட்ட சண்ட போட்ட மனசோட ஒருதடவ எடுத்துட்டேன் தம்பி. அந்த மாசமே வீட்டுக்காரருக்குப் பக்கவாதம். அப்புறம் தொடுறதேயில்ல." தகுதியில்லாமல் புசித்துக் குடிக்கிறவனுக்கு ஆக்கினைத்தீர்ப்பு என்கிற 1 கொரிந்தியர் 11ஐ யாரோ அவருக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஞாயிறு தவறாமல் வருகிறவர் அவர்.

கண்மணிடீச்சர்:
எங்கள் ஓய்வுநாள் பள்ளியில் "ஏசப்பா உன் வீட்டுக்கு வந்தால்" என்று படம் வரையச் சொன்னேன். (உருவம் வரையலாமா என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம், ப்ளீஸ்.) ஒரு பையன் ஜன்னல் முழுக்க ஒற்றைக் கண் வரைந்திருந்தான். இமை முடிகூட ஒவ்வொன்றாக. கட்டிலுக்கு அடியில் ஏதோ கறுப்பாக இருந்தது. இது என்னடா என்றேன். "நான்தான் மிஸ்." வீட்டில் எந்தச் சேட்டைக்கும் "ஏசப்பா பாத்துட்டே இருக்காரு" என்பதுதான் மிரட்டலாம். அந்தப் படத்தைச் சுவரில் ஒட்ட மனம் வரவில்லை. இன்னும் என் பையில்தான் இருக்கிறது.

எலியாவின்சால்வை:
சிஸ்டர், பிள்ளைக்குக் கொஞ்சம் பயம் இருந்தால் என்ன குடி முழுகிவிடும்? நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு திருமண ஆராதனை, முழங்கால்படியிட்டிருக்கும் தம்பதிக்காகப் போதகர் கண்ணை மூடி ஜெபிக்கிறார். நடுவில் ஒரு கண்ணைத் திறந்து போட்டோக்காரரைப் பார்த்து "இப்ப எடுங்க" என்று தலையாட்டிவிட்டு, அதே உருக்கமான குரலில் ஜெபத்தைத் தொடர்ந்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

கிருபை கிருபை என்று பேசிப்பேசி இந்த இடத்துக்கு வந்திருக்கிறோம். காணிக்கைப் பணத்தில் பொய் சொன்ன அனனியாவும் சப்பீராளும் செத்து விழுந்தது பழைய ஏற்பாட்டில் அல்ல, அப்போஸ்தலர் 5இல். சபை முழுவதற்கும் மிகுந்த பயம் உண்டாயிற்று என்றுதான் அங்கே எழுதியிருக்கிறது. ஊசா என்ன தப்பு செய்தான்? மாடுகள் மிரண்டன, வண்டியிலிருந்த தேவனுடைய உடன்படிக்கைப் பெட்டி சரிந்துவிடுமோ என்று பிடித்தான். அங்கேயே செத்தான். "அவர் நம் ப்ரெண்ட்" என்று மேடையில் பேசுகிறவர்கள் 2 சாமுவேல் 6ஐ ஏன் பிரசங்கிப்பதே இல்லை?

நைட்டூட்டி:
எலியா அண்ணா, பயத்தைப் பற்றித்தானே பேசுகிறோம், இதையும் கேளுங்கள். அப்பா வென்டிலேட்டரில் இருந்தபோது ராத்திரி கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் நிற்பது அந்த நர்ஸுக்குத் தெரியாது. அப்பாவுக்குச் சுத்தமாக நினைவில்லை. துடைத்துவிடுவதற்கு முன்னால் அவர் காதருகே குனிந்து, "ஐயா, இப்ப திருப்பப் போறேன், பயப்படாதீங்க" என்றார். துடைக்கிற இடத்தைத் தவிர மற்றதெல்லாம் போர்வையால் மூடியே இருந்தது. மறுநாள் நன்றி சொன்னேன். "அவருக்குக் கேக்காதுன்னு நாம எப்படி வேணா நடந்துக்கலாமா? எனக்கு மேல ஒருத்தர் இருக்காரே" என்றார், சாதாரணமாக. லேவியராகமம் 19:14 அன்றுதான் எனக்குப் புரிந்தது. செவிடனை நிந்தியாதே, குருடனுக்கு முன்னே தடுக்கலை வையாதே, உன் தேவனுக்குப் பயந்திரு. திட்டினாலும் அவனுக்குக் கேட்காது, இடறினாலும் யார் வைத்தது என்று தெரியாது, அந்த இடத்தில்தான் அந்தக் கட்டளை. அந்த நர்ஸின் கை நடுங்கவில்லை அண்ணா.

கூடாரத்தொழிலாளி:
மூன்றாம்பெஞ்ச் தம்பி, நான் பெரிதாக எதையும் பார்த்ததில்லை. சின்ன வயதில் இடி இடித்தால் இயேசுவின் இரண்டாம் வருகை வந்துவிட்டது என்று எழுந்து உட்காருவேன், அவ்வளவுதான். ஆனால் அந்த அக்காவிடம் நீங்கள் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. முதலில் அதிகாரத்தை 17ஆம் வசனத்திலிருந்து படித்துக் காட்டுங்கள். கொரிந்துவில் பிரச்சினை என்ன? இருக்கிறவன் முந்திக்கொண்டு தின்று வெறித்தான், இல்லாதவன் பசியோடு நின்றான். பவுலுக்குக் கோபம் அங்கே. 28ஆம் வசனம் தன்னைச் சோதித்தறிந்து புசிக்கச் சொல்கிறது, சோதித்துவிட்டு எழுந்துபோகச் சொல்லவில்லை. இரண்டாவது, யாத்திராகமம் 20:20. பயப்படாதிருங்கள் என்றும், தேவனைப் பற்றும் பயம் உங்களுக்கு முன்பாக இருக்கவே அவர் வந்தார் என்றும் மோசே ஒரே மூச்சில் சொல்கிறார். அடுத்த வசனத்தில் ஜனங்கள் தூரத்தில் நிற்கிறார்கள், மோசே கார்மேகத்துக்குக் கிட்டப் போகிறார். மூன்றாவது, சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர். 1505இல் இடிமின்னலுக்குப் பயந்துதான் துறவியாவேன் என்று பொருத்தனை பண்ணினார். மடத்துக்குள் போயும் பயம் தீரவில்லை. பாவஅறிக்கை செய்துவிட்டு வந்து, விட்டுப்போனது இருக்குமோ என்று மறுபடியும் போவார். அவருடைய மேலாளர் ஸ்டாபிட்ஸ் கிறிஸ்துவின் காயங்களைப் பார் என்று திருப்பினார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். நான்காவது, உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு என்கிற சங்கீதம் 130:4ஐ எழுதி அவர் வீட்டில்...

மூன்றாம்பெஞ்ச்:
ஐயா, ஐயா. வசனம் தெரியாமலா அந்த அக்கா பயப்படுகிறார்? உங்களைவிட நன்றாக ஒப்பிப்பார். பக்கவாதம் வந்த மனிதர் அந்த வீட்டுக் கட்டிலில் கிடக்கிறார், அவருக்குத் தினமும் ஊட்டிவிடுவதும் அந்த அக்காதான். 17ஆம் வசனத்திலிருந்து வாசித்துக்காட்ட நான் போகமாட்டேன்.

கடைசிமகள்:
எங்கள் அப்பா சபையில் மூப்பராக இருந்தவர். படுக்கையில் விழுந்தபின் "என்னை ஏத்துப்பாரா?" என்று திரும்பத்திரும்பக் கேட்டார். போதகர் வந்து நீளமாக ஜெபித்துவிட்டுப் போனார். அப்பா மறுபடியும் அதையே கேட்டார். அம்மா மாத்திரையைப் பிரித்துக்கொண்டே, "மூத்தவ சொல்லாமக் கல்யாணம் பண்ணிட்டு வந்தா, நீங்க கதவ மூடினீங்களா?" என்றார். "மூடல. ஆனா ஒரு வருஷம் பேசலையே" என்றார் அப்பா. "அவரு உங்கள மாதிரி வீம்புக்காரரு இல்ல, வாயத் திறங்க" என்று மாத்திரையைப் போட்டார் அம்மா. அப்பா சிரித்துவிட்டார், தண்ணீர் புரையேறிவிட்டது. அதன்பிறகு கேட்கவில்லை என்று சொல்ல ஆசை. கேட்டார். ஆனால் போதகரிடம் இல்லை, அம்மாவிடம்.

எலியாவின்சால்வை:
நல்லது சிஸ்டர், கர்த்தர் ஆறுதல் தருவாராக. நர்ஸ் விஷயத்தையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஊசாவுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

நைட்டூட்டி:
ஊசா செத்தபிறகு அதே பெட்டி ஓபேத்ஏதோம் என்பவன் வீட்டில் மூன்று மாதம் இருந்ததே அண்ணா, அவன் வீட்டையே கர்த்தர் ஆசீர்வதித்தாரே. உங்கள் பக்கத்துக் கதையையும் அதே அதிகாரத்தில்தான் எடுத்தீர்கள்.

எலியாவின்சால்வை:
அவன் தொடவில்லையே!