கம்மி விலை ரெட் ஒயினும் தக்காளி டோஸ்ட்டும்: உங்க வீட்ல எது எதோட செட் ஆச்சு?

வீட்டுக்கு நாலு பேர் வர்றாங்கன்னா கை வலிக்காம செய்ற ஒரு ஸ்டார்ட்டர், கூட விலை கம்மியா ஒரு ரெட் ஒயின், இவ்ளோதான் என் கணக்கு. இது ரெண்டும் ஒத்துப்போகணும்னா பாட்டில் விலைய பாத்து ஒண்ணும் ஆகாது, அதுல புளிப்பு எவ்ளோ துவர்ப்பு எவ்ளோன்னு பாருங்க, எனக்கு இதுல ரொம்ப உறுதியான அபிப்ராயம் உண்டு.

நான் அடிக்கடி செய்றது இத்தாலிக்காரங்களோட புருஸ்கெட்டா. கெட்டியான ரொட்டிய மொறுமொறுன்னு சுட்டு, சூடு ஆறுறதுக்குள்ள உரிச்ச பூண்டுப் பல்ல அது மேல தேய்ச்சா சொரசொரப்புல பூண்டு அப்படியே கரைஞ்சு இறங்கும், நாலு துண்டு தேய்க்கிறதுக்குள்ள பல்லு பாதி ஆயிரும். தக்காளிய பொடியா நறுக்கி உப்பு போட்டு கொஞ்ச நேரம் வச்சு தண்ணிய வடிச்சிருங்க, இல்லன்னா ரொட்டி நமத்துப் போகும். மேல ஆலிவ் ஆயில், பேசில் இலை, முடிஞ்சுது.

போன தடவ ஒரே தட்டுக்கு ரெண்டு கிளாஸ் வச்சுப் பாத்தோம். ஒண்ணு இளசான கேபர்னே சாவின்யோன் ரெட் ஒயின், இன்னொண்ணு இத்தாலில பியட்மான்ட் பக்கத்து பார்பெரா ரெட் ஒயின். டோஸ்ட்ட கடிச்சுட்டு கேபர்னே ஒரு வாய் குடிச்சா பழ ருசியெல்லாம் எங்கயோ போயிருச்சு, தக்காளி புளிப்புக்கு முன்னாடி ஒயின் சப்புன்னு ஆகி, ஈறுலயும் உதட்டு உள்பக்கத்துலயும் துவர்ப்பு மட்டும் ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. பார்பெரால நேர் எதிர், அதுக்கே புளிப்பு ஜாஸ்தி, டானின், அதாவது ஒயின்ல துவர்ப்பு தர்ற பொருள், கம்மி, அதனால தக்காளியோட சரிக்கு சரி நின்னு செர்ரி வாசனையோட இறங்குச்சு. சாப்பாட்டுல இருக்குற புளிப்ப விட ஒயின்ல புளிப்பு கம்மியா இருந்தா ஒயின் தோத்துரும், அதான் விஷயம். பார்பெரா கிடைக்கலன்னா சாஞ்சியோவேஸே, அதாவது கியாந்தில போடுற திராட்சை, சாதா பாட்டிலே போதும்.

உங்க அனுபவம் சொல்லுங்க.

----

எங்க வீட்ல அடுப்பே பத்த வைக்கிறதில்லங்க, சீஸ் ஆலிவ் பாதாம் அவ்ளோதான், கூட ஸ்பெயின் கர்னாச்சா ரெட் ஒயின். நீங்க சொன்ன அந்த துவர்ப்பு இருக்குல்ல, டானின் நம்ம எச்சில்ல இருக்குற புரோட்டீனப் புடிச்சுக்குது, அதான் வாய் வறண்டு போற மாதிரி இருக்கு. சீஸ்ல புரோட்டீனும் கொழுப்பும் இருக்குறதால அந்த வேகம் குறைஞ்சுரும், உப்பு வேற கசப்ப அமுக்கிரும், அதனால மான்செகோ மாதிரி கெட்டியான உப்பு சீஸ் ஒரு துண்டு மென்னுட்டு அதே ஒயின குடிச்சா வேற பாட்டில் திறந்த மாதிரி இருக்கும். நீலப் பூஞ்சை ஓடுற ப்ளூ சீஸ் மட்டும் வேணாம், ட்ரை, அதாவது இனிப்பில்லாத ரெட் ஒயினோட சேந்தா கசந்து இரும்பு வாடை அடிக்குது.

இன்னொண்ணு, இத யாரும் கேக்க மாட்டேங்குறாங்க, ரெட் ஒயின ரூம் டெம்பரேச்சர்லன்னு சொல்றது 16-18 டிகிரிய வச்சு, நம்ம ரூம் 28-30 இருந்தா ஆல்கஹால் மட்டும்தான் மூக்குல ஏறும். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டு ஊத்துங்க, கம்மி விலை ஒயினுக்கு இத விட பெரிய உதவி கிடையாது.

----

மீனுக்கு ரெட் ஆகாதுன்னு எல்லாரும் சொல்றாங்க, நான் டின் சார்டைன மசிச்சு எலுமிச்சை புழிஞ்சு டோஸ்ட்ல தடவி வச்சேன், ஒரு பாட்டிலோட வாயெல்லாம் மீன் கவிச்சி, அடுத்த வாரம் வேற பாட்டிலோட ஒண்ணுமே தெரியல. தேடிப் பாத்தா 2009-ல ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் இத சோதிச்சிருக்காங்க, ஒயின்ல இருக்குற இரும்புச் சத்துதான் கவிச்சிக்கு காரணமாம், அது பாட்டிலுக்கு பாட்டில் மாறும், அப்போ நிறம் மட்டும் பாத்து ஒதுக்குறதுல அர்த்தமில்ல. எனக்கு செட் ஆனது பிரான்ஸ் போஜொலே ரெட் ஒயின், காமே திராட்சைல செய்றது, டானின் ரொம்ப கம்மி, நல்லா சில்லுன்னு.

----

அக்கா, சுட்ட குடைமிளகாய் யாரும் சொல்லலையே! தோல் கருகுற வரைக்கும் நேரா தீயில காட்டி, மூடி வச்சு உரிச்சு, பூண்டு எண்ணெய் உப்பு போட்டு ரொட்டி மேல. இதுக்கு சிலி நாட்டு கார்மெனேர் ஊத்திப் பாருங்க, அந்த ஒயின்லயே லேசா குடைமிளகாய் வாசனை உண்டு, ரெண்டும் கைகோத்துக்கிட்டு போகும். இந்தத் திராட்சைய 1994 வரைக்கும் சிலில மெர்லோங்கிற வேற திராட்சைன்னே நினைச்சு வளத்துருக்காங்க, அந்த வருஷம்தான் ஒரு பிரெஞ்சு நிபுணர் தோட்டத்துல பாத்து இது பிரான்ஸ்ல போர்டோ பக்கத்து பழைய திராட்சையான கார்மெனேர்னு அடையாளம் சொன்னாரு. எனக்கு மெர்லோவ விட இதுதான் பிடிக்குது. ஒரு டவுட்டு, டோஸ்ட் மேல மிளகாய்த் தூள் தூவலாமா?

----

தூவலாம் தம்பி, ஆனா பாட்டில் பின்னாடி ஆல்கஹால் சதவீதம் பாத்துக்கோ. 14.5 போட்டிருக்குற ஒயினோட காரம் சேந்தா எரிச்சல் ரெண்டு மடங்கு மாதிரி தெரியும், துவர்ப்பும் கூடும். காரம் வேணும்னா 12.5-13 இருக்குற லேசான ஒயின், இன்னும் கொஞ்சம் சில்லுன்னு. கார்மெனேர் ஐடியா அருமை, இந்த வாரமே செய்றேன்.

சார்டைன் போட்டவங்களுக்கு, எலுமிச்சைய இன்னும் கொஞ்சம் தாராளமா புழிஞ்சு உப்பும் ஒரு சிட்டிகை கூட்டிப் பாருங்க, புளிப்பும் உப்பும் ஏறினா ஒயின் இன்னும் மென்மையா தெரியும். காளான் வதக்குறவங்களும் இதையே செய்ங்க, காளான் வெறுமனே இருந்தா டானின கசப்பாக்கி விட்டுரும்.

மீந்து போன பாட்டில பத்தி ரெண்டு பேர் தனியா கேட்டிருந்தீங்க, மூடி போட்டு ஃப்ரிட்ஜ்ல நிமித்தி வைங்க, படுக்க வச்சா காத்து படுற பரப்பு கூடிரும். மூணு நாள் தாங்கும், குடிக்கிறதுக்கு கொஞ்சம் முன்னாடி வெளிய எடுத்தா போதும்.