பிரஷர் நார்மல் என்று சொன்ன பிறகு சரிந்தவர்கள்: உங்கள் அனுபவம்?

தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். பிரஷர் நார்மல் என்றதும் பாதிப் பேர் நிம்மதியாகிவிடுகிறார்கள், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ரத்தமோ நீரோ குறைந்தால் உடம்பு சும்மா இருக்காது. இதயத்தை வேகமாக அடிக்க வைக்கும், கை கால் தோலுக்குப் போகும் குழாய்களைச் சுருக்கி மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்தைத் திருப்பிவிடும். இப்படி ஈடுகட்டிக்கொண்டே இருப்பதால் பிரஷர் கடைசியில்தான் விழும், விழுந்தால் மடமடவென்று விழும்.

டெங்குவோடு ஒரு இளைஞர் படுத்திருந்தார். காய்ச்சல் விட்டுவிட்டது, வீட்டுக்கு அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிரஷர் 100/84. மேல் எண்ணை மட்டும் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் இரண்டுக்கும் நடுவே 16தான், டெங்குவில் அது 20 அல்லது அதற்குக் கீழே வந்தாலே ஷாக், அதாவது உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போகாத நிலை என்று எடுத்துக்கொள்வார்கள். கை சில்லிட்டிருந்தது, நகத்தை அழுத்தி விட்டால் சிவப்பு திரும்ப நேரமானது. டாக்டர் உடனே சலைன் ஆரம்பித்தார், பிழைத்துக்கொண்டார். காய்ச்சல் இறங்கும் அந்த நேரத்தில்தான் குழாய்களிலிருந்து நீர் கசியும். அப்புறம் ஓரிரு நாளில் கசிந்தது திரும்பி உள்ளே வரும், அப்போதும் சலைனைக் குறைக்காமல் விட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். காப்பாற்றிய அதே சலைன்!

---

என் அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று. பேச்சு கொஞ்சம் குழறியது, வயசாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். நாடித்துடிப்பு 78, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் அவர் பல வருடமாக இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறார், அந்த மாத்திரை இருந்தால் இதயம் ஓட நினைத்தாலும் ஓடாது. மூச்சு மட்டும் நிமிடத்துக்கு 30 தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. தொற்று ரத்தத்தில் பரவி செப்சிஸ் ஆகியிருந்தது, அதாவது தொற்றை எதிர்க்கும் வேகத்தில் உடம்பே தன் உறுப்புகளைப் பாதிக்கும் நிலை. சிறுநீரகம் தேறி வர ரொம்ப நாள் பிடித்தது. என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதைக் கேட்காவிட்டாலும் நீங்களே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், தயவுசெய்து.

---

எனக்கு ஆஸ்துமா. ஒரு தடவை விசில் சத்தம் நின்றதும் வீட்டில் சரியாகிவிட்டது என்று நினைத்தார்கள். சத்தம் வரும் அளவுக்குக்கூடக் காற்று போகவில்லை என்பதுதான் உண்மை. ரத்தப் பரிசோதனையில் கார்பன் டை ஆக்ஸைடு நார்மலாக வந்தது, அதைப் பார்த்துதான் டாக்டர் பதறினார். அவ்வளவு வேகமாக மூச்சு வாங்குகிறவனுக்கு அது குறைந்திருக்க வேண்டுமாம், நார்மலுக்கு வந்தால் மூச்சுத் தசைகள் களைத்துப்போகின்றன என்று அர்த்தமாம்.

---

மூச்சை எப்படி எண்ணுவது என்று கேட்டவருக்கு: நாடி பார்ப்பது போலக் கையைப் பிடித்துக்கொண்டு நெஞ்சு ஏறி இறங்குவதை முழுதாக 60 விநாடி எண்ணுங்கள். எண்ணுகிறோம் என்று சொல்லாதீர்கள், தெரிந்தால் மூச்சு மாறிவிடும். ஓய்வாக இருக்கும் பெரியவருக்கு 12 முதல் 20 வரை இருக்கும். 25ஐத் தாண்டி அப்படியே நின்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே கிளம்புங்கள்.